வீட்டு வட்டுகளை ஓட்டும் மலிவு விலை டிவிடி பிளேயர்: கடலோரத்தில் இருப்பவர்கள் பார்த்து வாங்குவது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் பல வீட்டு அலமாரிகளில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிய சிடி, டிவிடி வட்டுகள் இன்றும் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, சந்தனக்கூடு, வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக் குடிபுகுதல் என்று அவற்றில் இருப்பவை பெரும்பாலும் கடையில் வாங்கிய திரைப்படங்கள் அல்ல. உள்ளூர் வீடியோக்காரரோ, குடும்பத்துப் பிள்ளைகளோ கணினியில் எழுதிக் கொடுத்தவை. இத்தகைய வட்டுகளை ஓட்டுவதற்காக ஒரு பிளேயர் வாங்கும்போது கடைக்காரர் திரைப்பட வட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவதும், படம் கண்ணாடி போல ஓடுவதும், வீட்டுக்கு வந்து கல்யாண வட்டைப் போட்டதும் ‘வட்டு இல்லை’ என்று பெட்டி கைவிரிப்பதும் பலருக்கும் நேர்ந்திருக்கும். செருப்பு வாங்கக் காலைக் கொண்டு போவதைப் போல, பிளேயர் வாங்க நம் வீட்டு வட்டுகளைக் கொண்டு போக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்தும் முதன்மையான செய்தி. எந்த வட்டுகளைக் கொண்டு போவது, அங்கே எதைக் கவனிப்பது, உப்புக்காற்றும் நிலையில்லாத மின்சாரமும் உள்ள நம் பகுதிக்கு எந்தப் பெட்டி தாக்குப்பிடிக்கும் என்பவை அதைத் தொடர்ந்து வருபவை.

முதலில், கடை வட்டு ஓடும் பெட்டியில் வீட்டு வட்டு ஏன் திணறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தொழிற்சாலையில் செய்யப்படும் திரைப்பட வட்டில் மிக நுண்ணிய பள்ளங்கள் அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டு, அவற்றின் மேல் அலுமினியப் பூச்சு இடப்படுகிறது. நாம் எழுதும் வட்டில் பள்ளம் எதுவும் கிடையாது. அதில் ஒரு சாயப் படலம் இருக்கிறது; எழுதும் கருவியின் லேசர் ஒளி அந்தச் சாயத்தை அங்கங்கே சுட்டுக் கருமையாக்குகிறது; அந்தக் கருமைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பிளேயரின் கண் படிக்க வேண்டும். பலமுறை அழித்து எழுதக்கூடிய வட்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் மங்கல். ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி வட்டு தன்மேல் விழும் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ வட்டோ 18 முதல் 30 சதவீதம் வரைதான் திருப்பி அனுப்புகிறது. பழைய வீடியோ சிடிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிவிடியைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர். எழுதிய சிடியின் சாயம் 650 நானோமீட்டர் ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது என்பதால், இரண்டு லேசர்களும் உள்ள பெட்டியில்தான் அது ஓடும். இன்று கடையில் கிடைக்கும் பெட்டிகளில் இரண்டுமே இருக்கும். மிகப் பழைய பெட்டியை இரண்டாம் கையாக வாங்குபவர்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆகவே ‘சிடி, டிவிடி எல்லாம் ஓடும்’ என்று விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் நம் வட்டு அடங்குகிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

கடைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், இருக்கும் வட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து வகை பிரித்துக்கொள்ள வேண்டும். கணினி உள்ள ஒரு பக்கத்து வீட்டிலோ, ஜெராக்ஸ் கடையிலோ அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வேலை எளிது. உள்ளே ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறையும் அதற்குள் ‘டிஏடி’ என்று முடியும் பெரிய கோப்பும் இருந்தால் அது வீடியோ சிடி. 2000-களின் கல்யாண வட்டுகளில் மிகப் பல இந்த வகைதான். ஒரு வட்டில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடம் மட்டுமே கொள்ளும் என்பதால், முகூர்த்தம் ஒரு வட்டிலும் வரவேற்பு இன்னொரு வட்டிலுமாக இருக்கும். ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறை இருந்து அதற்குள் ‘விஓபி’, ‘ஐஎஃப்ஓ’ என்று முடியும் கோப்புகள் இருந்தால், அது முறையாகத் தயாரிக்கப்பட்ட டிவிடி வீடியோ. இவை இரண்டையும் எந்த மலிவுப் பெட்டியும் புரிந்துகொள்ளும். வட்டின் ஒளி போதுமானதாக இருந்தால் சரி.

தொல்லை தருவது மூன்றாவது வகை. கோப்புறை என்று எதுவும் இல்லாமல், கைபேசியிலோ கணினியிலோ இருந்த கோப்புகளை அப்படியே வட்டில் ஏற்றியிருப்பார்கள். அவற்றில் ‘ஏவிஐ’ என்று முடியும் பழைய டிவ்எக்ஸ், எக்ஸ்விட் கோப்புகள், அட்டைப்பெட்டியில் டிவ்எக்ஸ் அல்லது எம்பெக்-4 என்று அச்சிட்ட பிளேயர்களில் பொதுவாக ஓடும். கைபேசியில் எடுத்த ‘எம்பி4’ கோப்புகள் ஓடாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் ‘எம்பி4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலிவுப் பெட்டிகளில் அந்த எழுத்து குறிப்பது பெரும்பாலும் எம்பெக்-4-இன் பழைய வடிவத்தை மட்டுமே. கைபேசிகள் பரவலாகப் பதிவு செய்வதோ எச்.264 என்னும் பிந்தைய வடிவத்தில். போதாக்குறைக்குக் கைபேசிப் படத்தின் அளவு 1920-க்கு 1080 புள்ளிகள். டிவிடிக்கென்று செய்யப்பட்ட சில்லு 720-க்கு 576 புள்ளிகளைக் கையாளத்தான் உருவானது. அதனிடம் அதைவிடப் பெரிய படத்தைக் கொடுத்தால், குரல் மட்டும் வரும். அல்லது அதுவும் வராது. இத்தகைய வட்டுகள் நிறைய வைத்திருப்பவர், அவை ஓடும் பிளேயரைத் தேடி ஊர் ஊராக அலைவதைவிட, வீடியோக்காரரிடம் கொடுத்து டிவிடி வீடியோவாக மாற்றி எழுதி வாங்குவது சிக்கனம்.

இன்னொரு தனி இனம் உண்டு. சில ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த வட்டுக் கேமராக்களில் எழுதிய 8 சென்டிமீட்டர் சிறு டிவிடி அது, 1.4 ஜிபி கொள்ளும், நல்ல தரத்தில் அரை மணி நேரம் வரை ஓடும். அதை எடுத்த கேமராவிலேயே ‘முடித்து வைத்தல்’ என்னும் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், வேறு எந்தப் பிளேயரிலும் அது வெற்று வட்டாகவே தெரியும். கேமரா இன்னும் கைவசம் இருந்தால், அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். சிறு வட்டுகளை வைத்திருப்பவர், தட்டு வெளியே வரும் வகைப் பிளேயரை மட்டும் வாங்க வேண்டும். தட்டின் நடுவில் சிறு வட்டுக்கென ஒரு பள்ளம் இருக்கும். வட்டை வாயால் இழுத்துக்கொள்ளும் வகைப் பெட்டிகளில் சிறு வட்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

வெளிநாட்டு வட்டுகள்

துபாய், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய இடங்களில் இருந்து வரும் குடும்ப வட்டுகள் பொதுவாகச் சிக்கல் தருவதில்லை, ஏனென்றால் அங்கெல்லாம் நம் நாட்டைப் போலவே பால் என்னும் தொலைக்காட்சிப் பட முறைதான் வழக்கமாக இருந்தது. கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் எழுதப்படும் வட்டுகள் என்டிஎஸ்சி முறையில் இருக்கும். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களுக்கு டொராண்டோவில் இருக்கும் உறவினர் வீட்டுக் கல்யாண வட்டு வந்து, அதைப் போட்டால் படம் கருப்பு வெள்ளையாகவோ, மேலும் கீழும் உருண்டுகொண்டோ ஓடினால், குற்றம் வட்டிலும் இல்லை, பிளேயரிலும் இல்லை; பிளேயர் அனுப்பும் என்டிஎஸ்சி படத்தைப் பழைய பெட்டித் தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ளவில்லை. பால் படத்தில் நொடிக்கு 25 காட்சிகள், 576 கோடுகள். என்டிஎஸ்சியில் நொடிக்கு ஏறத்தாழ 30 காட்சிகள், 480 கோடுகள். பிளேயரின் அமைப்புப் பட்டியலில் ‘டிவி வகை’ என்ற இடத்தில் பால், என்டிஎஸ்சி, தானியங்கி என்று மூன்று தேர்வுகள் இருக்க வேண்டும். பால் என்று வைத்ததும் கனடா வட்டு நிறத்தோடு வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். புதிய எல்இடி தொலைக்காட்சிகள் இரண்டையும் காட்டிவிடும்.

ஒரு வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீட்டைப் பற்றிக் கடைகளில் பெரிதாகப் பேசுவார்கள். இந்தியாவுக்கு 5, வளைகுடா நாடுகளுக்கு 2, மலேசியா, சிங்கப்பூருக்கு 3 என்று திரைப்பட வட்டுகளுக்குத்தான் அந்தப் பூட்டு. வீட்டில் எழுதிய வட்டுக்கு அது கிடையாது. எனவே ‘எல்லா மண்டலமும் ஓடும்’ என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கொண்டு போக வேண்டியது நல்ல வட்டுகளை அல்ல, இருப்பதிலேயே மோசமானவற்றை. மிகப் பழையது ஒன்று, விளிம்புவரை நிரம்ப எழுதியது ஒன்று, அழித்து எழுதும் வகை இருந்தால் அதில் ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்தது ஒன்று, கோப்புகளாக எழுதியது ஒன்று. எது நிரம்ப எழுதியது என்று அறிய வட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் இடையே நிறம் சற்று மாறும் வட்டக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு விளிம்பை ஒட்டியிருந்தால் வட்டு நிறைந்திருக்கிறது. மேல்பக்கத்தில் ‘ஆர்’ என்ற எழுத்துக்கு முன் கழித்தல் குறி இருக்கிறதா, கூட்டல் குறி இருக்கிறதா என்பதையும் கவனித்துக்கொள்ள வேண்டும். கழித்தல் வகை 1997-லும், கூட்டல் வகை 2002-லும் வந்தவை. இன்றைய பெட்டிகள் இரண்டையும் படிக்கும். அதற்கு முற்பட்ட பழைய பெட்டிகள் கூட்டல் வகையைக் கண்டால் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியிலோ சாலைத் தெருவிலோ வாங்குவதாக இருந்தால், வேலை நாளில் முற்பகலில் போவது நல்லது. மாலைக் கூட்டத்திலும், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் முந்தைய வாரங்களிலும் ஐந்து வட்டுகளைப் போட்டுப் பார்க்க எந்தக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ‘அண்ணே, எங்க வீட்டு வட்டு ஓடுனா எடுத்துக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளியதும் எவ்வளவு நேரத்தில் படம் வருகிறது என்று பாருங்கள். இருபது நொடிக்குள் வந்தால் நல்லது. அரை நிமிடத்துக்கு மேல் பெட்டி தேடிக்கொண்டே இருந்தால், இன்று தட்டுத் தடுமாறிப் படித்தாலும் லென்ஸில் கொஞ்சம் தூசு படிந்த பிறகு அது படிக்கப் போவதில்லை. படம் வந்ததும் தொடக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. சிடியும் டிவிடியும் உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் படிக்கப்படுபவை. எழுதும்போது பிழை அதிகம் விழுவதும், வட்டு வளைந்திருந்தால் லென்ஸ் தடுமாறுவதும், கைரேகை படிவதும் விளிம்பில்தான். அதனால் ரிமோட்டில் கடைசி அத்தியாயத்துக்கோ, நேரத்தைக் குறிப்பிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்துக்கோ தாவி அங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். மணப்பெண் வழியனுப்பும் காட்சி சதுரம் சதுரமாகச் சிதறாமல் ஓடினால், மற்றவை ஓடும்.

அந்த நேரத்தில் காதைப் பெட்டியின் அருகே கொண்டு போய்க் கேளுங்கள். வட்டு சுழலும் மெல்லிய இரைச்சல் ஒரே சீராக இருக்க வேண்டும். விட்டு விட்டு ‘டிக், டிக்’ என்று லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும் சத்தம் வந்தால், திரையில் படம் நன்றாகத் தெரிந்தாலும் பெட்டி படிக்கச் சிரமப்படுகிறது என்று பொருள். அடுத்ததாக, எட்டு மடங்கு வேகத்தில் சிறிது தூரம் ஓடவிட்டு மீண்டும் இயல்பான வேகத்துக்கு வரும்போது உதட்டசைவும் குரலும் ஒன்றிப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கோப்புகளாக எழுதிய வட்டுகளில்தான் இந்தக் குறை அதிகம். எல்லாம் சரியென்று தோன்றினால் பெட்டியை அணைக்காமல் அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு முதல் வட்டையே மறுபடியும் போடச் சொல்லுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் படித்துவிட்டு, சூடேறியதும் தடுமாறும் மலிவுப் பெட்டிகள் உண்டு. இந்த ஒரு சோதனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே வட்டு அடுத்தடுத்து மூன்று பெட்டிகளிலும் ஓடாவிட்டால் பெட்டிகளைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு வட்டைச் சந்தேகப்பட வேண்டும். கணினியின் டிவிடி டிரைவ்கள் சில நேரம் பிளேயரைவிடப் பொறுமையாகப் படிக்கும். அப்படி அங்கே திறந்துவிட்டால், அன்றே அதை நகலெடுத்துவிடுவது அவசரமான வேலை, பிளேயர் வாங்குவது இரண்டாவது வேலை.

பணம் எதற்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது?

மலிவுப் பெட்டியில் எல்லா வசதியும் கிடைக்காது என்பதால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். என் கணக்கில் முதலிடம் மின்சாரத்துக்கு. பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் ‘100–240 வோல்ட்’ என்று இருந்தால் அதை எடுங்கள்; ‘220 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால், மாலையில் மின்னழுத்தம் இறங்கும் நம் ஊர்களில் அது நடுவழியில் நின்று நின்று ஓடும். இரண்டாவது, யுஎஸ்பி துளை. இன்று வட்டு ஓடாவிட்டாலும், நாளை அதிலுள்ள படத்தைப் பென் டிரைவில் ஏற்றி அதே பெட்டியில் பார்க்க முடியும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்; ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது; கைபேசிப் படத்துக்கு மேலே சொன்ன தடை இங்கும் உண்டு.

மூன்றாவது, உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முதுகு. அங்கே மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் மூன்றும் இருக்கின்றனவா, எச்டிஎம்ஐ மட்டும் இருக்கிறதா, ஹெட்போன் துளை போன்ற ஒரே சிறு துளைக்குள் மூன்று வயரையும் சேர்த்துச் செருகும் வகையா என்பதைக் கிளம்பும் முன் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற வயர் பெட்டியோடு வருகிறதா என்று கேட்பதை மறந்தவர்கள், அதற்காகவே மறுபடியும் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

படத்தை உயர் தெளிவாக மாற்றிக் காட்டும் வசதிக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். வீடியோ சிடியில் பதிவாகியிருப்பது 352-க்கு 288 புள்ளிகள். அவற்றை எத்தனை பெரிதாக்கினாலும் மாமாவின் மீசை கூடுதல் தெளிவாகத் தெரியப் போவதில்லை. கரோக்கே மைக் துளை, ஆறு ஒலிபெருக்கி வெளியீடு, முகப்பில் மினுக்கும் நீல விளக்கு ஆகியவையும் அப்படித்தான். ரிமோட்டை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். பல பெட்டிகளில் அமைப்புப் பட்டியலைத் திறக்க முகப்பில் பொத்தானே இருக்காது. ரிமோட் தொலைந்தால் பால், என்டிஎஸ்சி மாற்றவே முடியாது. அதே மாதிரி மாற்று ரிமோட் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிறுவனப் பெயரைவிட, உள்ளே இருக்கும் லென்ஸ் எது என்பது நீண்ட நாளைக்கு முக்கியம். சோனியின் கேஎச்எம்-313, சான்யோவின் எச்டி-62, எச்டி-65 ஆகிய லென்ஸ் தொகுதிகள் எண்ணற்ற மலிவுப் பெட்டிகளுக்குப் பொதுவானவை. இவற்றில் ஒன்று இருக்கும் பெட்டியை, பழுதானால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார். வாங்கும் முன் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டால், எந்தப் பெட்டியில் எந்த லென்ஸ் என்று விரல்நுனியில் வைத்திருப்பார்.

உப்புக்காற்றுக்கு ஏற்ற பெட்டி

பாம்பன், ராமேசுவரம், மூக்கையூர் போலக் கடல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் பிளேயரின் ஆயுளைத் தீர்மானிப்பது விலை அல்ல, காற்று. உப்பு கலந்த ஈரம் முதலில் பிடிப்பது பின்புறத் துளைகளின் உலோக வளையங்களை; அவை பச்சை பூத்ததும் படத்தில் கோடு விழும், ஒரு பக்கக் குரல் போகும். அடுத்து லென்ஸின் மேல் ஆவி படிந்தது போல ஒரு மங்கல். வீட்டு வட்டின் ஒளியே மங்கலானது என்பதால், இந்த மங்கலும் சேர்ந்தால் திரைப்படம் ஓடும், கல்யாண வட்டு ஓடாது. பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி விற்றுவிடுகிறவர்களும் உண்டு. சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் லென்ஸை அழுத்தாமல் ஒருமுறை துடைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

வாங்கும்போது மேல்மூடியைக் கையால் தடவிப் பாருங்கள். பூச்சு தடிப்பாக, ஓரங்கள் மடித்து, திருகாணிகள் துருப்பிடிக்காத வகையாக இருப்பது நல்லது. வெட்டிய விளிம்பில் வெறும் தகரம் தெரிந்தால் அடுத்த வாடைக்குள் அங்கிருந்து துரு கிளம்பும். தட்டு வெளியே வரும்போது முகப்பில் இருக்கும் சிறு மூடி முழுதாகச் சாத்திக்கொள்கிறதா என்றும் பாருங்கள். கடையில் பல மாதம் காட்சிக்கு வைத்திருந்த பெட்டியைத் தள்ளுபடியில் கொடுத்தால், பின்புறத் துளைகளின் பளபளப்பைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

வீட்டில் அதைக் கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே வைக்காமல் உட்சுவரோரம் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பயன்படுத்தாவிட்டாலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால், உள்ளே எழும் வெப்பமே ஈரத்தை விரட்டிவிடும். துணி போட்டு மூடுவதாக இருந்தால் சூடு ஆறிய பிறகு மூட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கி, தொலைக்காட்சிக்கு வரும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னலின் அடி டிஷ் வழியே தொலைக்காட்சிக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ வயர் வழியாகப் பிளேயரையும் சேர்த்துக் கொண்டு போய்விடும்.

வட்டுகளையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. டிவிடியில் படம் பதிந்த படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. சிடியில் அது மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பரப்புக்குச் சற்றே கீழே இருக்கிறது. ஆகவே வீடியோ சிடியின் மேல்பக்கம் கீறினால்தான் ஆபத்து. பலர் அடிப்பக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மேல்பக்கத்தைத் தரையில் வைத்து இழுக்கிறார்கள். அழுக்கான வட்டைக் குழாய் நீரில் சிறிது சோப்பு விட்டுக் கழுவி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் கடைசியாக ஒரு குவளை குடிநீரை ஊற்றி அலசிவிடுங்கள்.

இனி எழுதி வாங்கும் வட்டுகள்

அடுத்த விசேஷத்துக்கு வீடியோக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சில நிபந்தனைகளைச் சொல்லிவிட்டால், எந்த மலிவுப் பிளேயரிலும் ஓடும் வட்டு கிடைக்கும். கழித்தல் வகை டிவிடி-ஆர் வட்டில், டிவிடி வீடியோவாக, பால் முறையில், முடித்து வைத்து எழுதித் தர வேண்டும். 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணிக்கக் கூடாது. நான்கு மணி நேரத்தை ஒரே வட்டில் அடக்கினால் தரம் தேய்ந்து முகங்கள் கலங்கும். நேர்மாறாக, ஒரு மணி நேரப் படத்தை, நொடிக்கு மிக அதிகத் தகவல் படிக்க வேண்டிய உச்சத் தரத்தில் எழுதினாலும் மலிவுப் பெட்டி மூச்சுவாங்கும். எழுதும் கருவியை அதன் அதிகபட்ச வேகத்தில் ஓட்டாமல் நான்கு அல்லது எட்டு மடங்கு வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். மணமக்கள் படம் அச்சிட்ட காகித ஸ்டிக்கர் பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் அது ஒரு பக்கம் உப்பி வட்டின் சமநிலையைக் கெடுத்து, விளிம்புப் பகுதியைப் படிக்க முடியாமல் செய்துவிடும். பெயரை மென்முனை மார்க்கரால் எழுதினால் போதும். அதே படத்தைப் பென் டிரைவிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வாங்கி முடித்து ரசீது எழுதும்போது, ‘சொந்த வட்டு ஓடாவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்குவதானால், மேலே சொன்ன அரை மணி நேரச் சோதனையை முழுதாகச் செய்யாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இரண்டாம் கைப் பெட்டிக்கு ரசீதும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. அதை விற்பவர் வீட்டுக்கே போய், அவர் வீட்டு மின்சாரத்திலேயே உங்கள் வட்டுகள் அத்தனையும் கடைசி நிமிடம்வரை ஓடுவதைப் பார்த்துவிட்டு, ரிமோட்டையும் வயர்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.